பனிக்காலத்துக்கு இரண்டு அங்குலம் சிறிய சக்கரம்

பின்சக்கர இயக்கம் உள்ள சொகுசு செடானுக்குக் குளிர்கால டயர் வாங்கும்போது, காரோடு வந்த 19 அங்குல சக்கரத்துக்கே வாங்காதீர்கள். 17 அங்குல ரிம்மில், கொஞ்சம் ஒடுக்கமான டயராக நான்கையும் ஒரே அளவில் வாங்குங்கள். உதாரணமாக, முன்னால் 245/40 ஆர்19 (245 மி.மீ. அகலம், அதில் 40% பக்கச்சுவர் உயரம், 19 அங்குல ரிம்), பின்னால் 275/35 ஆர்19 இருந்தால், நான்குக்கும் 225/55 ஆர்17. மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், அதனால் வேகமானி காட்டுவதும் பெரிதாக மாறாது.

அகலமான டயர் புதுப்பனியின் மேல் மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமானது அதைப் பிளந்துகொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். பின்சக்கரத்தின் மேல் எஞ்சின் எடை இல்லாத காருக்கு இந்தப் பிடிப்பு ரொம்ப முக்கியம். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால், பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் அவ்வளவு எளிதில் வளையாது. 17 அங்குல டயர் பொதுவாக விலையும் குறைவு. அப்புறம், நான்கும் ஒரே அளவு என்பதால் முன்பின் மாற்றிப் போட்டுச் சீராகத் தேய வைக்கலாம்.

பெரிய பிரேக் கொண்ட அதிவேக மாடல்களில் 17 அங்குல ரிம் பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) இடிக்கும், அங்கே இந்த யோசனை நடக்காது. மற்ற கார்களிலும் கையேட்டில் அனுமதித்த அளவுகளையும், டயரின் சுமைக் குறியீட்டையும் (எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) பார்த்துவிட்டே வாங்குங்கள். வழுக்கும் பனிக்கட்டியில் ஒடுக்கம் உதவாது. அங்கே குளிரிலும் இறுகாத ரப்பர்தான் பிடிக்கும்.