எடை கூடிய குழந்தையின் உடல் தகுதியை வளர்ப்பது எப்படி?

எடை கூடிய பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறைய வேண்டும்?" என்பதுதான். சிறுவர் சிறுமியருக்குப் பல ஆண்டுகளாக உடற்பயிற்சி கற்றுக்கொடுத்து வரும் என் கருத்து, அந்தக் கேள்வியைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்பதே. வளரும் வயதில் உயரம் கூடிக்கொண்டே வருவதால், பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நின்றாலே உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தம் மெல்லச் சீராகும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: எடைக் கருவியின் முள் அசையாதபோதும், தொடர்ந்து செய்யும் உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குவதும், கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைவதும் நிகழ்கின்றன.

இதற்குக் காரணம் தசை. சாப்பிட்ட பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது அதுதான். ஓய்வாக இருக்கும் தசைக்குள் சர்க்கரை நுழைவதற்கு இன்சுலின் தேவைப்படுகிறது. வேலை செய்யும் தசையோ இன்சுலினுக்காகக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு எளிதில் இசைந்து கொடுக்கும். வார இறுதியில் ஒரே நாளில் மூன்று மணி நேரம் வியர்க்க விடுவதைவிட, நாள்தோறும் ஓடியாடுவது நல்லது என்று சொல்வது இதனால்தான். பருவமடையும் ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் எளிதில் இசைந்து கொடுக்காத தன்மை, இயல்பாகவே சற்றுக் கூடும் என்பதால், அதற்கு முன்பே பழக்கத்தைத் தொடங்கிவிடுவது சிறந்தது.

தொடங்கும் முன் ஒருமுறை குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டியிருக்கிறதா, தூக்கத்தில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் இருக்கின்றனவா என்பதை வீட்டிலேயே கவனித்துச் சொல்லலாம். பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள். அங்கே தோல் கருத்துத் தடித்து, வெல்வெட் துணியைத் தொட்டாற்போல இருந்தால், ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். அதை அழுக்கென்று எண்ணி, கழுத்து சிவந்து எரியும்வரை தினமும் தேய்த்துக் குளிப்பாட்டிய ஒரு தாயை நான் அறிவேன். உண்மை தெரிந்தபோது அவர் பிள்ளையின் கழுத்தைத் தடவியபடி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தேய்த்தால் அது போகாது. மருத்துவர் தேவையென்று கருதினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்தக் கொழுப்பு, கல்லீரல் நொதி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். வெறும் வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரையிலோ, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையிலோ இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்குப் போதிய அளவில் இருக்க வேண்டும்; சிறிய பட்டை, அழுத்தத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடும்.

அடுத்து, பிள்ளையால் இப்போது என்ன முடிகிறது என்பதை அளந்துகொள்ள வேண்டும். பள்ளிகளில் வழக்கமாக நடப்பது, 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கோடுகளுக்கிடையே ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடும் சோதனை. ஓடுகிறவர் தம் முழு எடையையும் சுமந்து ஓடுவதால், இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தாலும் எடை கூடிய பிள்ளைதான் இதில் முதலில் நின்றுபோகும். அப்படி இரண்டாவது நிமிடத்தில் நின்றுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பதினொரு வயதுச் சிறுவனிடம், அடுத்த வாரம் கனமான பந்தைக் கொடுத்து உட்கார்ந்தபடி எறியச் சொன்னேன். வகுப்பிலேயே அவன் பந்துதான் மிகத் தொலைவில் விழுந்தது. "இன்னொரு தடவை எறியட்டுமா?" என்று அவனாகவே கேட்டான்.

அன்றிலிருந்து எடை கூடிய பிள்ளைகளுக்கு நான் வலிமைப் பயிற்சியில்தான் தொடங்குகிறேன். அவர்கள் உடலில் கொழுப்போடு தசையும் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதால், எறிவதிலும் இழுப்பதிலும் தூக்குவதிலும் அவர்கள் பின்தங்குவதில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், ஒரு படி ஏறி இறங்குதல், கயிறு இழுத்தல் ஆகியவை போதும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரத்தில் மூன்று நாள். செய்யும் முறை சரியாக அமைந்த பிறகே பயிற்சியின் சுமையைக் கூட்ட வேண்டும். தெரிந்தவர் மேற்பார்வையில் செய்யும் வலிமைப் பயிற்சியால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சியை இதனோடு மெல்லச் சேர்க்கலாம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இது சென்று சேர வேண்டிய இடம். முதல் நாளே அந்த அளவுக்கு இழுத்துச் சென்றால் பிள்ளை மறுநாள் வராது. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம்; ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் அது தீவிரம். ஒரு நிமிடம் விரைந்து, இரண்டு நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றிச் செய்வது பிள்ளைகளின் இயல்பான விளையாட்டை ஒத்திருப்பதால் அவர்களுக்குப் பிடிக்கும். மூட்டு நோகும் பிள்ளைக்கு நீச்சலும் சைக்கிளும் ஏற்றவை.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறந்துவிடாதீர்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட, எடை கூடிய பிள்ளை இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலி என்று சொல்லி நொண்டி நடந்தால், "எடையால் வரும் வலிதானே" என்று விட்டுவிடக் கூடாது. தொடை எலும்பின் தலைப்பகுதி, வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும் இடத்தில் நழுவத் தொடங்கியிருக்கலாம். இடுப்பில் உள்ள கோளாறு முழங்கால் வலியாக மட்டுமே தெரிவதும் உண்டு. பயிற்சியை நிறுத்தி, காலை ஊன்றவிடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உணவில், இனிப்புப் பானங்களின் இடத்தில் தண்ணீர் வந்தால் அதுவே நல்ல தொடக்கம். பட்டினி போடுவது வளரும் உடலுக்குக் கேடு. தூக்கம் 6 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இன்சுலினின் வேலை மந்தமாகும். பயிற்சியைத் தண்டனையாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். உடலைச் சொல்லிக் கேலி செய்யும் பட்டப்பெயர் வீட்டுக்குள்ளும் வேண்டாம்.

ஒரு நோட்டில், அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிந்தது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது என்ற இரண்டையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது என்பதால், மறுபரிசோதனைக்கு அதுவரை பொறுத்திருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.