பகிடியான சின்னவயது நினைவுக் குறிப்பை வகுப்பில் வாசிப்பிப்பது எப்படி?

ஒருவர் தன் சின்னவயதுக் குழப்படிகளைப் பகிடியாக எழுதிய ஒரு பகுதி போதும், வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளையும் தாளைக் கையில் எடுக்கும். முழு நூலும் தேவையில்லை. தரம் 6, 7 பிள்ளைகளுக்கு இரட்டைப் பாடவேளை, அதாவது 80 நிமிடம், ஒதுக்குங்கள். தரம் 5 இல் புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கடிக்குள் இதைச் செருகினால் பிள்ளைகள் இதையும் பயிற்சித்தாளாகத்தான் பார்ப்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் கிராமப் பாடசாலைகளில் புதிதாகத் தமிழ் கற்பிக்க வந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1. பகுதியைத் தெரிவுசெய்தல்

அதிக நேரம் இதற்குத்தான் செலவாக வேண்டும். 350 முதல் 400 சொற்கள், ஒரேயொரு சம்பவம். சத்தமாக வாசித்தால் நாலு நிமிடமளவில் முடிய வேண்டும். அதைவிட நீண்டால் பின்வாங்கில் இருப்பவர்கள் கதையை விட்டுவிடுவார்கள்.

சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். எழுதியவர் தன்னைப் பார்த்தே சிரிக்கிறாரா, எடுங்கள். இன்னொருவரின் நிறத்தையோ உடம்பையோ சாதியையோ பேச்சையோ நக்கலடிக்கிறாரா, எவ்வளவு நல்ல நடையென்றாலும் விட்டுவிடுங்கள். வன்னி வகுப்பறையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பார்கள். பேச்சுவழக்கை வைத்த பகிடி இடைவேளைக்குள் ஒரு பிள்ளையின் பட்டப்பெயராகிவிடும். பழைய நூல்களில் பிரம்படியும் பகிடியாக வரும். வீட்டில் அடிவாங்கும் பிள்ளைக்கு அது பகிடியில்லை.

ஊர் நூலகத்தில் பொருத்தமான நூல் கிடைக்காவிட்டால், ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கலாம்.

2. பாடத்துக்கு முந்தின நாள் ஆயத்தம்

முப்பது பிள்ளைகள் என்றால் 15 பிரதி, இருவருக்கு ஒன்று. போட்டோப் பிரதி எடுக்கும்போது கடைசி நாலைந்து வரியை வெள்ளைத் தாளால் மறைத்துவிடுங்கள். முடிவு உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். பிரதியெடுக்கும் கடை தூரமென்றால் முக்கியமான பத்து வரியை டிமைத் தாளில் மாக்கரால் பெரிதாக எழுதினால் போதும்.

துலா, தந்தி போன்று பிள்ளைகள் அறியாத சொற்களில் ஐந்துக்கு மேல் விளக்காதீர்கள். பகிடி எந்தச் சொல்லில் தங்கியிருக்கிறதோ அதை வாசிக்க முன்னரே சொல்லிவிடுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் நின்று பொருள் சொன்னால் சிரிப்பு போய்விடும்.

3. வாசித்தல் (20 நிமிடம்)

முதல் வாசிப்பு ஆசிரியருடையது. நன்றாக வாசிக்கும் பிள்ளையிடம்கூடக் கொடுக்காதீர்கள். பகிடி நிற்பது நிறுத்தத்தில். புதிதாக ஒரு பகுதியை வாசிக்கும் பிள்ளை நிறுத்தாமல் ஓடிவிடும். இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்து, அங்கே நிறுத்தி, “இனி என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். மூன்று பதில் எடுங்கள், சரி பிழை சொல்லாதீர்கள். நீங்கள் முந்திக்கொண்டு சிரிக்கவும் வேண்டாம்.

ஒருவருமே சிரிக்காவிட்டால் பதறாதீர்கள். ஆசிரியருக்கு முன்னால் சிரிக்கப் பயப்படும் வகுப்புகள் உண்டு. அடுத்ததாக இருவர் இருவராக வாசிக்க விட்டால் அது தானாக வெளியே வரும்.

4. பகிடி எங்கே இருக்கிறது?

கரும்பலகையை நடுவில் பிரித்து, ஒரு பக்கம் ‘அப்போது நினைத்தது’, மறுபக்கம் ‘இப்போது தெரிந்தது’ என்று எழுதுங்கள். பிள்ளை நம்பியதற்கும் வளர்ந்தவர் அறிந்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் இவ்வகை எழுத்தின் சிரிப்பு முழுவதும் கிடக்கிறது. பழகுவதற்கு இந்த மாதிரியைப் பாவியுங்கள்:

“ஆனை கொப்பியையும் தின்னும் என்று மாமா சொன்னார். வீட்டுக்கணக்குச் செய்யாத அன்று கொப்பியைக் கொண்டுபோய் வாழைகளுக்குள் வைத்தேன். ஆனை வரவில்லை. மழை வந்தது. அடுத்த நாள் ரீச்சரிடம் ஆனை தின்றுவிட்டது என்றேன். ரீச்சரின் கையில் என் கொப்பி ஈரமாக இருந்தது.”

இதன் கீழே “நான் எவ்வளவு முட்டாளாக இருந்தேன்!” என்று ஒரு வரி சேர்த்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு அதை அழித்துவிட்டு வாசியுங்கள். எது நல்லது என்று பிள்ளைகளே சொல்வார்கள். ஏனென்று அவர்கள் வாயாலேயே வரவிடுங்கள்: அந்த வரி, வாசிப்பவர் கண்டுபிடிக்க வேண்டியதைப் பறித்துக்கொள்கிறது. “இக்கதையின் படிப்பினை யாது?” என்ற கேள்வியும் அதே வேலையைத்தான் செய்யும். அதைக் கேட்காதீர்கள்.

5. எழுதுதல் (25 நிமிடம்)

ஆறு வசனம் போதும். “சின்னனில் நான் … என்று நம்பினேன்” என்று தொடங்கட்டும்.

சின்னவயதுப் படம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இடம்பெயர்வுகளில் படங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே பல. அம்மம்மாவிடம் கேட்டு வரும்படியும் கட்டாயப்படுத்த வேண்டாம். கேட்கும் கேள்வி எந்தக் கதவைத் திறக்கும் என்று நமக்குத் தெரியாது. குளக்கட்டு, ஆட்டுக்குட்டி, சைக்கிள் பழகியது, பாடசாலையின் முதல் நாள் என்று நாலைந்து தலைப்பைக் கொடுத்து, விரும்பியதை எடுக்க விடுங்கள். நினைவு எதுவும் வராத பிள்ளை கற்பனையாக எழுதலாம்.

அப்படியும் ஒரு பிள்ளை பகிடியை விட்டு இழப்பை எழுதலாம். அதைத் திருத்தாதீர்கள், சத்தமாக வாசிக்காதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, “வாசிச்சனான், எழுதினது நல்லது” என்று சொல்லுங்கள். பிள்ளை வாடியிருந்தால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருடன் பேசுங்கள்.

6. பகிர்தல்

விரும்பியவர் மட்டும் வாசிக்கட்டும். இன்னொருவரின் கதையைச் சொல்ல நினைப்பவர் அவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்திலேயே வையுங்கள். எழுத்துப் பிழைகளை அன்று தொடாதீர்கள். அடுத்த பாடத்தில், பெயர் சொல்லாமல், பொதுவான மூன்று பிழைகளை மட்டும் கரும்பலகையில் எடுங்கள். திருத்தி எழுதிய தாள்களில், பிள்ளைகள் சம்மதித்தவற்றை நூலால் தைத்து வாசிப்பு மூலையில் வைத்தால், அடுத்த வருடத் தரம் 6 க்கான வாசிப்புப் பகுதி உங்கள் பாடசாலைக்குள்ளேயே கிடைத்துவிடும்.