நத்தைக் கொம்புச் சண்டை: இந்தச் சீனத் தொடரை யாரிடம், எப்படிச் சொல்வது

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது பெரியப்பா பெயர் மேலே வருமா சித்தப்பா பெயர் மேலே வருமா என்று ஒரு வாரம் இழுத்தது. நான் படித்த திமிரில் பெரியப்பாவிடம் போய், "இதெல்லாம் நத்தைக் கொம்புச் சண்டை பெரியப்பா, சீனாக்காரன் அந்தக் காலத்துலயே சொல்லிட்டான்" என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னலே, என்னைய நத்தைங்கியா?" என்றார். அதோடு மூன்று மாதம் பேச்சு கிடையாது. ஆகவே இந்தத் தொடரைத் தப்பாகச் சொல்வது எப்படி என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, சரியாகச் சொல்வதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

தொடர் நான்கே சீன எழுத்து: வோ ஜியாவ் ஜி ஜெங். வோ என்றால் நத்தை, ஜியாவ் கொம்பு, ஜெங் சண்டை, நடுவில் வரும் ஜி நம் 'உடைய' மாதிரி ஒட்டவைக்கிற சொல். நத்தைக் கொம்பின் மேல் நடக்கிற சண்டை, அதாவது எள்ளளவு விஷயத்துக்கு ஊரைக் கூட்டுவது. இதை மட்டும் தெரிந்துகொண்டு போனால் என் கதிதான் உங்களுக்கும். கதை தெரிய வேண்டும்.

கதை இருப்பது சுவாங்சி என்ற பழைய சீனத் தத்துவ நூலில் (தாவோயிச மரபு), மொத்தம் 33 அத்தியாயங்களில் 25-ஆவதில். வெய் நாட்டு அரசன் ச்சீ நாட்டோடு ஓர் உடன்படிக்கை செய்கிறான், அந்தப் பக்கத்தான் அதை மீறிவிடுகிறான். இவனுக்குக் கோபம் தலைக்கேறி, ஆள் வைத்துக் குத்திவிடலாம் என்று யோசிக்கிறான். ஒரு தளபதிக்கு அது கேவலமாகப் படுகிறது: நாட்டை ஆளுகிறவன் கூலிக்கு ஆள் அனுப்புவதா, இரண்டு லட்சம் வீரர்களைக் கொடுங்கள், நான் போய் நாட்டையே பிடித்துவருகிறேன் என்கிறான். இன்னொருவர் போரே வேண்டாம் என்கிறார். மூன்றாவது ஆள் ஹுவாசி. எனக்கு மிகவும் பிடித்தவர். போருக்குப் போ என்று நயமாகப் பேசுகிறவனும் கலகக்காரன், போகாதே என்று நயமாகப் பேசுகிறவனும் கலகக்காரன், இவர்கள் இருவரும் கலகக்காரர்கள் என்று சொல்கிறவனும் கலகக்காரன்தான் என்கிறார். நம் ஊர்ப் பஞ்சாயத்து எதிலாவது உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அரசன் குழம்பிப்போய் நிற்க, அமைச்சர் ஹுய் ஷி, டாய் ஜின்ரென் என்ற அறிஞரைக் கூட்டிவருகிறார். அவர் போர் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நத்தை என்று ஒன்று உண்டே, அரசருக்குத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியும் என்கிறான் அரசன். அதன் இடது கொம்பில் சூ என்று ஒரு நாடு, வலது கொம்பில் மான் என்று ஒரு நாடு, மண்ணுக்காக அடிக்கடி சண்டை, விழுந்த பிணம் பல்லாயிரம், தோற்று ஓடியவர்களைத் துரத்திப்போன படை திரும்ப 15 நாள் ஆனது என்கிறார். (சூ என்ற பெயருக்கு முட்டுவது, தொடுவது என்று பொருள். மழை விட்ட மறுநாள் வாழைத் தோட்டத்தில் நத்தையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் குறும்பு தெரியும்.)

இதென்ன கட்டுக்கதை என்கிறான் அரசன். சரி, நிஜமாக்கிக் காட்டுகிறேன் என்று அடுத்த கேள்வி: நான்கு திசைக்கும் மேலுக்கும் கீழுக்கும் எல்லை உண்டா? இல்லை. அந்த எல்லையில்லாததற்குள் வெய் நாடு, வெய் நாட்டுக்குள் தலைநகரம், தலைநகரத்துக்குள் நீங்கள். உங்களுக்கும் அந்த மான் நாட்டு அரசனுக்கும் வித்தியாசம் உண்டா? இல்லை என்று அரசனே சொல்கிறான். வந்தவர் எழுந்து போன பிறகு, எதையோ தொலைத்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது சொல்லும் முறைக்கு வருவோம். டாய் ஜின்ரென் எங்கேயும் "உன் சண்டை அற்பம்" என்று சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? கேள்விதான் கேட்டார், பதிலை அரசன் வாயிலிருந்தே வரவைத்தார். எனவே தொடரை முதலில் நீட்டாதீர்கள், கதையை நீட்டுங்கள். கோபம் உச்சியில் இருக்கும்போது வேண்டாம், ஒரு காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுங்கள். ஆனால் படை கிளம்பிய பிறகும் பிரயோஜனமில்லை, வக்கீல் நோட்டீஸ் போன பின் நத்தைக் கதை சொல்லி யாரும் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை.

யாரிடம் என்பதுதான் முக்கியம். இந்தக் கதை கீழே இருந்து மேலே சொல்லப்பட்டது, இரண்டு லட்சம் பேரைச் சாவுக்கு அனுப்பக்கூடியவனைப் பார்த்து. கூலி பாக்கிக்காக நிற்கிற ஆளிடம் முதலாளி "இதெல்லாம் நத்தைக் கொம்புச் சண்டைப்பா" என்று சொன்னால் அது தத்துவம் இல்லை, அயோக்கியத்தனம். அவனுக்கு அந்தக் கொம்புதான் வீடு. சமமானவர்களிடம் சொல்லலாம், நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். திருநெல்வேலி டவுன்காரர்களும் பாளையங்கோட்டைக்காரர்களும் எது பெரிது என்று அடித்துக்கொள்ளும்போது தாராளமாகச் சொல்லலாம். நடுவில் தாமிரபரணி, இந்தப் பக்கம் ஒரு கொம்பு, அந்தப் பக்கம் ஒரு கொம்பு, இரண்டுக்கும் மாநகராட்சி ஒன்றுதான்!

வேறு தொடர்களோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். கிணற்றுத் தவளையும் இதே நூலில் வருகிறது, ஆனால் அது அறிவின் எல்லையைப் பற்றியது. உள்ளான் பறவையும் சிப்பியும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்க மீனவன் இரண்டையும் அள்ளிப் போகிற இன்னொரு சீனக் கதை, மூன்றாமவன் லாபம் பற்றியது. இங்கே மூன்றாமவனே கிடையாது, அளவுகோலை மாற்றிப் பார்க்கிற வேலை மட்டும்தான். நம் குழாயடிச் சண்டை என்பதில் இளக்காரம் இருக்கிறது, பார்வையை விரிக்கிற அந்தத் தூரம் இல்லை.

அடுத்த கொடைக்கு முந்தி பெரியப்பாவிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை நத்தையை எடுக்கவில்லை.

"போன வருசம் எத்தன நோட்டீஸ் அடிச்சோம் பெரியப்பா?"

"ஐநூறு."

"ஒண்ணாவது வீட்டுல இருக்கா?"

கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "டீக்கடையில வட மடிச்சிக் குடுத்தான், அதுல கடைசியா பார்த்தேன்." அப்புறம் அவரே சிரித்துவிட்டு, "சரிலே, தம்பி பேரையே மேல போடு" என்றார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டார்.

"ஏலே, என் பேரு மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல வரட்டும்."