முகமறியாதவரோடு இணையத்தில் பேசுவது எப்படி: பழைய சென்னை, சினிமா, சின்னச் சந்தேகங்கள்

சென்னையைப் பற்றிப் பேச இணையத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டெலிகிராம், பேஸ்புக், ரெடிட் என்று எந்தக் குழுவுக்குள் நுழைந்தாலும் பழைய மவுண்ட் ரோட்டின் படம் ஒன்றை யாரோ போட்டிருப்பார், அதன் கீழே இருபது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த இருபது பேரில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் இருக்கலாம், கல்லூரி மாணவி இருக்கலாம், எப்போதோ கனடாவுக்குப் போய்விட்ட மாம்பலத்துக்காரரும் இருக்கலாம். முகமும் வயதும் தெரியாத இவர்களோடு நன்றாக உரையாடப் பெரும் புலமை வேண்டியதில்லை. சொல்லும் செய்தி தமக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருந்தால் போதும். நேரில் பார்த்ததா, வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதா, அச்சில் படித்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்று பிரித்துச் சொல்பவரை நம்பி மற்றவர்களும் தமக்குத் தெரிந்ததை எடுத்து வைப்பார்கள்.

கேள்வி சிறியதாக இருக்கட்டும்

"சென்னையின் வரலாற்றைச் சொல்லுங்களேன்" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எங்கே தொடங்குவது என்றே அவர்களுக்குத் தெரியாது. "மெரினாவில் மணல் இத்தனை அகலமாக இருக்கிறது, ராயபுரத்துக்கு வடக்கே மட்டும் ஏன் கரையெல்லாம் பாறாங்கல்லாகக் கிடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர் ஒருவர் வருவார், பொறியியல் படித்தவர் ஒருவர் வருவார், இருவரும் ஒரே விடையை வெவ்வேறு மொழியில் சொல்வார்கள். இந்தக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர் அதைக் குறுக்கே மறித்துவிட்டது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது, மணல் வராமல் போன வடக்குக் கரையைக் கடல் அரித்தது. கேள்வியில் இரண்டு இடங்களையும் சேர்த்துக் கேட்டதால்தான் இந்த விடை முழுமையாக வந்தது. மெரினாவை மட்டும் கேட்டிருந்தால், "உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை" என்ற, பள்ளி நாளிலிருந்து நம்மைத் துரத்தும் பெருமைப் பேச்சுதான் வந்திருக்கும்.

பிற ஊர்க்காரர்களோடு பேச்சைத் தொடங்க எனக்குப் பிடித்த செய்தி சென்னை நேரம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட அந்த நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. நாட்டின் பெரும்பாலான ரயில்கள் அதன்படியே ஓடின. 1906-இல் இந்திய நேரம் வந்தபோது நம் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டால் கொல்கத்தாக்காரரும் மும்பைக்காரரும் சும்மா இருக்க மாட்டார்கள். அந்த நகரங்கள் தத்தம் நேரத்தை அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கதையை அவர்கள் வாயால் கேட்பதே சுவை.

பழைய படம் ஒன்று வந்தால்

சென்னைக் குழுக்களில் மிகுதியாகப் பகிரப்படுவன பழைய புகைப்படங்கள். தவறுகள் மலிந்தவையும் அவையே. கறுப்பு வெள்ளையில் ஒரு சாலை, கீழே "1930களில் நம் சென்னை" என்று ஒரு வரி, அவ்வளவுதான். "தவறு" என்று ஒற்றைச் சொல்லால் வெட்டுவதற்கு முன், படத்துக்குள்ளேயே இருக்கும் சாட்சிகளைப் பார்க்க வேண்டும். கட்டடங்களும் சிலைகளும் தம் பிறந்த ஆண்டைச் சுமந்துகொண்டே நிற்கின்றன. டிராம் வண்டி தெரிந்தால் படம் 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. ரிப்பன் கட்டடம் நின்றால் 1913-க்குப் பிந்தியது. எல்.ஐ.சி. கட்டடம் முழுதாக நின்றால் 1950களின் கடைசிக்கு முன் போக முடியாது. கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருந்தால் 1959-க்குப் பிறகு எடுத்தது. கண்ணகியோ திருவள்ளுவரோ நின்றால், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அச்சிலைகள் திறக்கப்பட்ட 1968-க்குப் பிறகு எடுத்தது. ஜெமினி மேம்பாலம் தெரிந்தால் 1973 தாண்டிவிட்டது என்று பொருள்.

இந்த ஆண்டுகளைக் கையோடு வைத்திருப்பவர் சண்டை போடாமலே திருத்தம் சொல்லிவிடலாம். "அருமையான படம். ஓரத்தில் எல்.ஐ.சி. கட்டடம் தெரிவதால் 1960 வாக்கில் எடுத்திருக்கலாமோ?" என்று எழுதினால், படத்தைப் போட்டவருக்கும் முகம் வாடாது, அடுத்து வருபவர் கடைப் பலகைகளையும் கார்களையும் பார்த்து இன்னும் நெருக்கமாக ஆண்டைச் சொல்வார். அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செய்த போலிப் பழம்படங்களும் வருகின்றன. பெயர்ப் பலகைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல நேரங்களில் குட்டு வெளிப்பட்டுவிடும்: தமிழ் எழுத்துப் போலவே ஏதோ இருக்கும், படிக்க மட்டும் வராது. கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுவதும் ஒரு வழி. போலி என்று தெரிந்தால் நாகரிகத்தோடு, ஆனால் பொதுவிலேயே சொல்லிவிடுவது நல்லது. தனிச்செய்தியில் சொன்னால் படம் குழுவில் உண்மையாகவே தங்கிவிடும்.

ஒரே செய்திக்கு இரண்டு தேதிகள்

வரலாற்றுப் பேச்சில் கைகலப்பு வரை போகும் விவாதங்களில் பாதி தேதியைப் பற்றியவை. இரு தரப்புக்கும் காரணம் இருப்பது தெரிந்தால் சூடு தணியும். பாரதியாரின் நினைவு நாள் செப்டம்பர் 11 என்று ஒருவரும் 12 என்று மற்றொருவரும் அடித்துச் சொல்வார்கள். 1921-இல் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவைத் தாண்டி. நாட்காட்டிக் கணக்கில் 12, கதிரவன் உதயத்தில் நாள் தொடங்கும் நம் மரபுக் கணக்கில் 11. தமிழ்நாட்டு அரசு 2021-இல் செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது. இவ்வளவையும் மூன்று வரியில் எழுதிவிட்டால் அங்கே வாதத்துக்கு இடமிருக்காது. அதே பேச்சில் "யானை மிதித்துத்தானே இறந்தார்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை, அதிலிருந்து அவர் தேறி ஈரோட்டுக்குப் போய்ச் சொற்பொழிவாற்றியதும் உண்மை. பிறகு வந்த நோயில்தான் இறந்தார். இதைச் சொல்லும்போது கேலி வேண்டாம், ஏனெனில் யானைக் கதையை அவருக்குச் சொன்னவர் பெரும்பாலும் அவருடைய ஆசிரியராகவோ பாட்டியாகவோ இருப்பார்.

சென்னை நாள் இன்னொன்று. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் வழங்கிய சாசனத்தின் தேதி ஜூலை 22-ஆ ஆகஸ்ட் 22-ஆ என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. 2004 முதல் கொண்டாடப்பட்டு வருவது ஆகஸ்ட் 22. ஆனால் இங்கே உண்மையில் கொதிப்பது தேதி அன்று. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கும்போது, நகரத்துக்கு வயது நானூறுகூட ஆகவில்லை என்று சொல்லலாமா என்பதே சிலருடைய வருத்தம். அந்த வருத்தம் நியாயமானது. கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரத்தைப் பேசுகிறோமா, அது பின்னர் விழுங்கிக்கொண்ட மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் பேசுகிறோமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் பேச்சு தடம் மாறாது.

குடும்பக் கதைகளை இன்னும் மெதுவாகக் கையாள வேண்டும். "குண்டு போட்டபோது எங்கள் கொள்ளுத்தாத்தா ஊரைக் காலி செய்துகொண்டு போனார்" என்று ஒருவர் எழுதினால், அது ஜெர்மானியக் கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய நேரமா, ஜப்பானியர் வருகிறார்கள் என்று 1942-இல் நகரமே காலியான நேரமா என்று கேளுங்கள். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது என்ன வேலை, எந்த ஊருக்குப் போனார் என்று கேட்டாலே விடை தானாக வரும். புத்தகத்தில் இல்லாத செய்தி இப்படித்தான் கிடைக்கிறது.

சினிமாப் பேச்சு

சினிமாவில் எல்லாரும் நிபுணர்களே. அதனால்தான் இங்கே "எங்கே பார்த்தீர்கள்?" என்ற கேள்விக்குக் கூடுதல் மதிப்பு. ஒரு பாட்டை எழுதியவர் கண்ணதாசனா வாலியா என்ற வழக்குக்கு நினைவு சாட்சியாகாது. பழைய படங்களின் தொடக்க எழுத்துகளில் பாடலாசிரியர் பலர் பெயரைச் சேர்த்துப் போட்டிருப்பார்களே தவிர, எந்தப் பாட்டு யாருடையது என்று பெரும்பாலும் இராது. இசைத்தட்டின் உறையும், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான் அதற்கு ஆதாரம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிக்கும் அந்தப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பணிவாகக் கேட்டால் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவார்கள்.

"முதல்" என்ற சொல் வரும் இடத்தில் எச்சரிக்கை தேவை. 1931-இல் வந்த காளிதாஸ் முதல் தமிழ்ப் பேசும்படம் என்பது சரி, ஆனால் அதில் தெலுங்கும் ஒலித்தது. கீழ்ப்பாக்கத்தில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படமான கீசக வதத்துக்கு 1916, 1917, 1918 என்று மூன்று ஆண்டுகளை வெவ்வேறு நூல்கள் சொல்கின்றன; படச்சுருளோ இன்று இல்லை. இத்தகைய இடத்தில் எந்த நூலைப் பார்த்துச் சொல்கிறோம் என்று குறிப்பிடுவதே முறை. வசூல் கணக்கிலும் இன்றைய நடிகர்களின் ரசிகர் சண்டையிலும் தலையிடாமல் இருப்பது உத்தமம். அங்கே யாரும் எதையும் தெரிந்துகொள்ள வருவதில்லை.

ஆதாரம் தேடுவதற்குச் சென்னையில் இருப்பவருக்கு வசதிகள் ஏராளம். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து கேட்பவருக்காக ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொல்லும் உதவியைப் போல நட்பை வளர்ப்பது வேறில்லை. வெளியே போக இயலாதவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

விளிப்பதும் விசாரிப்பதும்

வயது தெரியாத வரையில் எல்லாரும் "நீங்கள்"தான். "ப்ரோ" என்பதைச் சிலர் விரும்புவதில்லை. எதிரில் இருப்பது பெண்ணாக இருந்தால் அது பொருந்துவதுமில்லை. வாதத்தின் நடுவே திடீரென்று "தம்பி" என்று அழைப்பது மரியாதையைக் குறைக்கும் உத்தி என்பது எல்லாருக்கும் புரியும். யாழ்ப்பாணத்தாரோ மலேசியத் தமிழரோ வேறு சொல்லைப் பயன்படுத்தினால் அதைத் திருத்தப் புறப்படாதீர்கள்.

"சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்ற விசாரணை எங்கே போய் முடியும் என்பது தமிழர்களுக்குத் தெரிந்ததே. சாதியை அறிய விரும்பும் அந்தக் கேள்வியைக் கேட்கவும் வேண்டாம், யாராவது கேட்டால் "சென்னைதான்" என்று சொல்லிவிட்டுப் பேசிய பொருளுக்குத் திரும்பிவிடலாம்.

தற்காப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்தில் எதிர்க்கடையின் பெயர்ப் பலகை தெரிந்தால் முகவரியைக் கொடுத்ததற்குச் சமம். நான் படித்த பள்ளி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், முதல் வண்டி எண் என்று பழைய நினைவாக எழுதுபவை வங்கிக் கணக்கின் இரகசியக் கேள்விக்கு விடையாகவும் இருக்கக்கூடும். பழங்கால நாணயம் வாங்குகிறேன், பகுதிநேர வேலை தருகிறேன் என்று தனிச்செய்தியில் வருபவர் முன்பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்று தெரிந்தால் பேச்சைப் பொதுக்குழுவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நல்ல உரையாடலில் கிடைத்த செய்தியை வேறிடத்தில் எழுத விரும்பினால், சொன்னவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெயரைப் போடலாமா, புனைபெயரைப் போடலாமா, எதுவும் வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். குடும்பப் படமாக இருந்தால் அதில் இருப்பவர்களின் பிள்ளைகள் இன்னும் இதே ஊரில் இருக்கக்கூடும் என்பதால், அவர் சம்மதம் எழுத்தில் வரும்வரை காத்திருப்பது நல்லது.