பற்றரியை மாற்ற முதல் மீற்றரை வையுங்கள்

"அண்ணை, பற்றரி போட்டு ஆறு மாதம்தான், திரும்பவும் இழுக்குதில்லை." கொக்குவிலில் எங்கள் கராஜுக்கு வருகிற கனபேர் இப்படித்தான் கதையைத் தொடங்குவார்கள். தேவையில்லாமல் புதுப் பற்றரிக்குக் காசு கொட்டியிருப்பதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கும். பிழை வேறிடத்தில் இருந்தால் எத்தனை பற்றரி மாற்றியும் சரிவராது. ஒரு சாதாரண டிஜிற்றல் மீற்றர் இருந்தால், பிழை எந்தப் பக்கம் என்று வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

காலையில், காரைத் தொடுவதற்கு முதல், பற்றரியின் இரண்டு முனையிலும் மீற்றரை வையுங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறையச் சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறும். ஓடி வந்து நிறுத்தியவுடன் பார்க்காதீர்கள், அப்போது கூடுதலாகத்தான் காட்டும். பிறகு வீட்டில் ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு மீற்றரைப் பாருங்கள். நிறையச் சார்ஜ் இருந்தும் ஸ்ராட் பண்ணும்போது 10க்கு நன்றாகக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம். 12க்குக் கிட்டவே நின்றுகொண்டு 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால், பற்றரியைக் குறைசொல்ல வேண்டாம். கரண்ட் ஸ்ராட்டருக்குப் போய்ச்சேரவில்லை, அல்லது ஸ்ராட்டரே பழுது.

எங்கள் ஊரில் இதற்குப் பெரிய காரணம் உப்புக்காற்று. பண்ணைப் பாலத்தால் தினமும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் போய்வருகிற கார்களில், பற்றரியின் நெகற்றிவ் முனையை எஞ்சினோடும் கார் உடம்போடும் சேர்க்கும் ஏர்த் வயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வெளியே கறுப்பு உறை வடிவாக இருக்கும். முனையோடு சேரும் இடத்தில் உறையைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் உள்ளே செப்புக் கம்பி பச்சைத் தூளாகக் கொட்டும், நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையை மீற்றர் காட்டிக்கொடுக்கும். ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் தலையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ற் பரவாயில்லை. ஒரு வோல்ற்றுக்குக் கிட்டப் போனால் அந்த வயரை மாற்றத்தான் வேண்டும், சுரண்டித் துடைத்து நாளைக் கடத்தாதீர்கள். பொசிற்றிவ் பக்கமும் இதேபோல், பற்றரித் தலையிலிருந்து ஸ்ராட்டரின் தடித்த வயர் வரைக்கும் பார்க்கலாம்.

எஞ்சின் ஸ்ராட் ஆனபிறகு பற்றரியில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டவேண்டும். ஹெட்லைற், ஏசி எல்லாம் போட்டுப் பாருங்கள், 13.5க்குக் கீழே இறங்கக்கூடாது. 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. முதலில், எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்ரனேற்றரைச் சுழற்றுகிற பெல்ற் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓல்ரனேற்றரின் பெரிய நட்டில் அளந்து பாருங்கள். அங்கே 14.4, பற்றரியில் 13 என்றால் நடுவில் வயரோ பெரிய பியூசோதான் பிழை. 15க்கு மேலே போனால், சார்ஜ் வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர் போய்விட்டது. அப்போது பற்றரி கொதித்து அழுகிய முட்டை மணம் வரும், தீக்குச்சி கிட்டக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் குறைந்தால் பற்றரித் தண்ணி (வடித்த நீர்) மட்டும் விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், பற்றரியைக் கெடுத்துவிடும்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: ஓல்ரனேற்றர் வேலைசெய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றாதீர்கள். திடீரென்று எழும் வோல்ற்றேஜில் ஓல்ரனேற்றருக்குள் இருக்கும் டயோட்டும் காரின் கொம்பியூற்றரும் போய்விடும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் கார் பிரச்சினை வேறு. பூட்டி வைத்த காரிலும் அலாமும் மணிக்கூடும் கரண்ட் குடிக்கும். 50 மில்லி அம்பியர் வழமையானதுதான். ஆனால் அதுவே நாளுக்கு 1.2 அம்பியர் மணி, மாதத்துக்கு 36. சின்னக் கார்ப் பற்றரி 45 அம்பியர் மணிதான். கனநாள் நிற்கப்போகும் காரில் நெகற்றிவ் வயரைக் கழற்றி வையுங்கள். தினமும் ஓடுகிற காரின் பற்றரியே ஒரே இரவில் இறங்கினால், மீற்றரை 10 அம்பியருக்கு மாற்றி நெகற்றிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பற்றரித் தலைக்கும் இடையில் கொழுவி, அரை மணித்தியாலம் பொறுத்து அளவைப் பாருங்கள். கூடவாக இருந்தால் பியூசை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்ற அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எல்லாம் கழற்றியும் விழாவிட்டால் ஓல்ரனேற்றர் டயோட்டைச் சந்தேகப்படுங்கள். மீற்றர் அப்படிக் கொழுவியிருக்கும்போது ஸ்ராட் பண்ணவே கூடாது.

ஓல்ரனேற்றருக்குப் பதிலாக டைனமோ பூட்டிய பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள், எஞ்சின் மெல்ல ஓடும்போது சிவப்பு லைற் மினுங்கினால் பயப்பட வேண்டாம், டைனமோவின் குணம் அது. ஆனால் அவற்றில் பல பொசிற்றிவ் ஏர்த், அதாவது பொசிற்றிவ் முனைதான் கார் உடம்போடு சேர்ந்திருக்கும், வேறு காரிலிருந்து வயர் கொழுவ முதல் அதைப் பார்த்துவிடுங்கள். பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் ஓல்ரனேற்றரே கிடையாது, பெரிய பற்றரிதான் சின்னதற்குச் சார்ஜ் கொடுக்கும். அங்கே செம்மஞ்சள் வயரைத் தொடாதீர்கள், அதற்குப் பழகியவரிடம் கொண்டுபோங்கள்.