புரட்டிப் பார்ப்பவருக்கும் புரிய வேண்டும்: தொழில்நுட்ப அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்ப அறிக்கையை யாரும் கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை. மேலாளர் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பரிந்துரைக்குத் தாவுவார். சக பொறியாளர் நேரே அட்டவணைக்குப் போவார். இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் பின்னிணைப்பில் ஒரே ஓர் எண்ணைத் தேடி வருவார். பொருளடக்கம், படக்குறிப்பு, பக்க எண் எல்லாம் இப்படிப் புரட்டுகிறவர்களுக்காகத்தான். அதை மறந்து, விதிமுறை கேட்கிறதே என்று ஒப்புக்குச் சேர்க்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நுழைகின்றன.

அதிகம் கெட்டுப்போவது சுருக்கம். "இவ்வறிக்கையில் பம்பின் செயல்திறன் ஆராயப்பட்டு, முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன" என்று எழுதினால் அது சுருக்கமே அல்ல. பொருளடக்கத்தை வாக்கியமாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். "பம்பின் செயல்திறன் 71 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாகக் குறைந்துள்ளது, உள்ளே சுழலும் இம்பெல்லர் தேய்ந்ததே காரணம், அதை மாற்ற வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். அதற்குமேல் படிக்க நேரமில்லாதவரும் ஒரு முடிவெடுத்துவிடலாம். சுருக்கம் முதலில் வரும். ஆனால் கடைசியில்தான் எழுத வேண்டும். முன்னுரையை வெட்டி ஒட்டிச் சுருக்கமாக்குவதும் வேண்டாம். முன்னுரை ஏன் செய்தோம் என்பதைச் சொல்கிறது, சுருக்கம் என்ன கிடைத்தது என்பதைச் சொல்கிறது.

முக்கியமான செய்தியை அடியில் புதைப்பது இதே குடும்பத்துத் தவறு. 2003 ஜனவரியில் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது, எரிபொருள் தொட்டியின் காப்பு நுரையிலிருந்து ஒரு துண்டு உடைந்து விண்ணோடத்தின் இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று மதிப்பிட்ட பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடு பின்னர் பிரபலமாயிற்று. அதன் தலைப்பு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. பழைய சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற மதிப்பீடு அடிவரியில், சிறிய எழுத்தில் கிடந்தது. 640 மடங்கு வித்தியாசம்! பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முறையான தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடுகள் உட்கார்ந்திருந்ததை விசாரணைக் குழுவே குறை சொன்னது.

அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே. இது பரவலான வழக்கம். "கீழே உள்ள படத்தில் காண்க" என்று எழுதாதீர்கள். நாலு வரி சேர்த்தால் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். "படம் 4" என்று எண்ணோடு சொல்லுங்கள். உரையில் எங்குமே சுட்டப்படாத படம் அறிக்கையில் இருக்கவே வேண்டியதில்லை. வரைபடத்தில் அச்சுகளின் பெயரையும் அலகையும் விடாதீர்கள். சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பிக் கோடுகளைப் பிரித்தால், நிறக்குறைபாடு உள்ளவருக்கும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தவருக்கும் இரண்டும் ஒன்றுதான். எக்செல் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவது சோம்பேறித்தனம். அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட எளிதில் நகலெடுக்க முடியாது.

மில்லிமீட்டர் வரை மட்டுமே காட்டும் அளவுகோலால் அளந்துவிட்டு, சராசரி 12.33333 மி.மீ. என்று எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. கால்குலேட்டர் காட்டியதையெல்லாம் கருவி அளக்கவில்லை. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்பது எஸ்.ஐ. (சர்வதேச அலகு முறை) விதி, கோணத்தின் பாகை, நிமிடம், வினாடிக் குறிகளுக்கு மட்டும் விலக்கு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகு குறையும் என்று பள்ளியிலிருந்தே பழகியிருக்கிறோம். அதனால் முதல் பத்தியில் பம்பு, அடுத்ததில் விசையியக்கக் குழாய், மூன்றாவதில் நீரேற்றி. வாசிப்பவர் மூன்று கருவிகளைத் தேடுவார். அறிக்கையில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர். சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்குக் கொண்டுவருவது, என்டரை அழுத்தி அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போவது, பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்வது: எல்லாமே ஒரு திருத்தத்தில் குலைந்துவிடும். தலைப்புகளுக்கென்றே வேர்டில் உள்ள ஹெடிங் ஸ்டைலை முதல் நாளே பயன்படுத்தினால் பொருளடக்கத்தை அது தானே உருவாக்கும். அதை நம்பியும் உட்காராதீர்கள். ஒருமுறை நான் அனுப்பிய அறிக்கையில், படத்தின் எண் வரவேண்டிய இடத்தில் "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்" (சுட்டிய இடத்தைக் காணவில்லை) என்று ஆங்கிலத்தில், தடித்த எழுத்தில் பல்லிளித்தது. படத்தை நீக்கியவன் நான், அதைச் சுட்டிய வரியை நீக்க மறந்தவனும் நானே. அனுப்புமுன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்திப் புதுப்பித்து, பிடிஎஃப் ஆக்கியபின் "Error" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பக்க எண்ணில், முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண் (i, ii, iii), முன்னுரையிலிருந்து 1, 2, 3. இதற்கு நடுவில் செக்‌ஷன் பிரேக் (ஆவணத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது) போட வேண்டும். பேஜ் பிரேக் போதாது. தலைப்புப் பக்கத்தில் தேதியோடு பதிப்பு எண்ணும் இருக்கட்டும். இல்லையென்றால் "இறுதி", "புதிய இறுதி", "இதுதான் இறுதி" என்று மூன்று கோப்புகள் மின்னஞ்சலில் சுற்றும். கூட்டத்தில் ஆளுக்கொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு வேறு அட்டவணை 3-ஐப் பற்றி விவாதிப்பார்கள்.