முதல் வில்லை வாங்குவதற்கு முன்: வில்வித்தை பழகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வில்வித்தையைப் பொழுதுபோக்காகப் பழக விரும்புகிறவர்களில் பலர் முதல் வேலையாக ஒரு வில்லை வாங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியில் செய்யுங்கள் என்பதுதான் இங்கே நான் வலியுறுத்த விரும்புவது. உங்கள் இரு கண்களில் எது ஓங்கிய கண் (குறிபார்ப்பதில் முந்தி நிற்கும் கண்), நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள், எவ்வளவு இழுவிசையை உங்கள் தோள் சோர்வின்றித் தாங்குகிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகு வாங்கும் வில்தான் உங்களுடைய வில். இந்த மூன்றையும் ஒரு வில்வித்தைச் சங்கத்தின் தொடக்க வகுப்பில், அவர்கள் தரும் பயிற்சி வில்லைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

ஓங்கிய கண்ணைக் கண்டறிவது எளிது. இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டு, இரு கண்களும் திறந்திருக்க, தொலைவிலுள்ள ஒரு பொருளை அதன் வழியாகப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் அந்த இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுவே ஓங்கிய கண். வலக்கண் ஓங்கியவர் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் இழுப்பது நல்லது. எழுதும் கை வேறாக இருந்தாலும், தொடக்கத்திலேயே கண்ணின் பக்கம் பழகிக்கொள்வது பின்னால் மாறுவதைவிடச் சுலபம். இழுப்பு நீளத்தை அறிய, கைகளைப் பக்கவாட்டில் முழுவதும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் தோராயமான எண் கிடைக்கும். விரிப்பு 70 அங்குலம் என்றால் இழுப்பு 28 அங்குலம். சில வாரப் பயிற்சிக்குப் பின் பயிற்றுநர் ஒருவர் அளந்து சொல்வதே உறுதியான எண்.

வில் வகைகளைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிக்கர்வ் வில்தான் பெரும்பாலான தொடக்க வகுப்புகளில் கிடைக்கும். நடுப்பகுதியான ரைசரும் மேலும் கீழுமாக மாட்டும் இரண்டு லிம்புகளும் தனித்தனியாகக் கழன்று வருவதால், ரைசரை வைத்துக்கொண்டு லிம்புகளை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். காம்பவுண்ட் வில்லில் கப்பிகள் இருப்பதால் முழுதாக இழுத்த நிலையில் விரல்கள் தாங்கும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அதை ஒருவருடைய இழுப்பு நீளத்துக்கென்றே அமைக்க வேண்டியிருப்பதால் இரவல் வாங்கிப் பழகுவது கடினம். குறிபார்க்க உதவும் பார்வைக்கருவியோ வில்லை ஆடாமல் நிறுத்தும் எடைத்தண்டுகளோ இல்லாமல் எய்யும் நெடுவில்லுக்கும் வெற்றுவில்லுக்கும் தனி ஈர்ப்பு உண்டு. முதலில் ரிக்கர்வில் அடிப்படையைக் கற்றவர் எந்தப் பக்கமும் போகலாம்.

இழுவிசையில்தான் மிகுதியானோர் தவறுகிறார்கள். லிம்பில் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ ஏறத்தாழ 2 பவுண்டு மாறும். ஆகவே 26 அங்குலம் மட்டுமே இழுக்கும் ஒருவருக்கு 24 பவுண்டு லிம்பு, விரலில் 20 பவுண்டு அளவிலேயே நிற்கும். வயது வந்தவர்கள் 18 முதல் 24 பவுண்டுக்குள் தொடங்குவதும், சிறுவர்கள் அதைவிடக் குறைவாகத் தொடங்குவதும் நல்லது. உடல் வலிமை மிக்கவர்களுக்கு இது அவமானமாகத் தோன்றலாம். ஆனால் நாணை இழுக்கும் முதுகுத் தசைகள் அன்றாட வேலைகளில் இந்த விதமாகப் பயன்படுவதில்லை. மிகையான விசையோடு போராடும் உடல், தோளைத் தூக்கியும் தலையை நாணை நோக்கி நீட்டியும் இடுப்பை வளைத்தும் குறுக்குவழி தேடும், அந்தக் குறுக்குவழிகளே பழக்கமாகிவிடும். முழுதாக இழுத்துப் பத்து நொடி நடுக்கமின்றி நிற்கவும், அதைப் பயிற்சி முடியும் வேளையிலும் செய்யவும் முடிந்தால், அந்த வில் உங்களுக்குப் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு 2 பவுண்டு, மிஞ்சினால் 4 பவுண்டாக ஏற்றிக்கொண்டே போகலாம். இதனால்தான் முதல் லிம்புகளை மலிவாகவோ வாடகைக்கோ எடுத்து, சேமித்த பணத்தை நல்ல ரைசரில் போடுமாறு அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

அம்பு வில்லைவிடக் கவனம் வேண்டுவது. நாணிலிருந்து விடுபட்டதும் அம்பு நேராகப் பாய்வதில்லை, வளைந்து நெளிந்து வில்லைத் தாண்டிச் செல்கிறது. அந்த வளைவுத்தன்மைக்கு ஸ்பைன் என்று பெயர். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் ஏறத்தாழ 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தாழ்கிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிப்பார்கள். எண் பெரிதாக ஆக, தண்டு நெகிழ்வானது: 1000 என்பது மென்மை, 500 என்பது விறைப்பு. இலேசான வில்லில் விறைத்த அம்பைப் பூட்டினால், வலக்கையால் எய்பவருக்கு அது இடப்பக்கம் விலகும். இலக்கைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சோதியுங்கள். நீளத்தில் சிக்கனம் காட்டவே கூடாது. இழுப்பு நீளம் இன்னும் நிலைபெறாத தொடக்கநிலையினரின் அம்பு, முழு இழுப்பில் அம்புத்தாங்கியைத் தாண்டி இரண்டு அங்குலமாவது முன்னே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டை அம்பு தாங்கியிலிருந்து பின்வாங்கி விழுந்த நிலையில் நாணை விட்டால், அது வில் பிடித்த கையிலேயே பாயும்.

கார்பன் அம்புகளை ஒவ்வொரு முறை பிடுங்கிய பிறகும் சோதிக்க வேண்டும். இரு முனைகளையும் பிடித்து, உடலிலிருந்து விலக்கி மெல்ல வளைத்து, தண்டைச் சுழற்றிச் சுழற்றித் திரும்ப வளையுங்கள். நொறுங்கும் மெல்லிய ஓசை கேட்டாலோ விரல் நுனியில் பிசிறு தட்டுப்பட்டாலோ அந்த அம்பை உடைத்தெறிந்துவிடுங்கள். வெடிப்புள்ள தண்டு எய்யும் கணத்தில் சிதறினால் சிம்புகள் கையில் ஏறும்.

இவற்றோடு வேண்டியவை சிலவே: முன்கைக் காப்பு, நாண் உராயாமல் விரல்களைக் காக்கும் தோல் துண்டு (டேப்), அம்பறாத்தூணி, நாணேற்றும் கயிறு. வில்லைக் காலுக்கிடையில் மடக்கி நாணேற்றும் வழக்கம் லிம்பை முறுக்கிவிடும், நழுவினால் முகத்திலும் அடிக்கும். எனவே இக்கயிற்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதும் கூடாது. அம்பு ஏற்க வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்புக்குள் திரும்பி அதைப் பிளந்துவிடக்கூடும். பார்வைக்கருவி, எடைத்தண்டுகள், முழு இழுப்பை எட்டியதை ஓசையால் உணர்த்தும் கிளிக்கர் எல்லாம் அம்புகள் ஒரே இடத்தில் திரளத் தொடங்கிய பிறகு வரட்டும்.

முதல் நாட்களில் ஐந்து மீட்டரிலிருந்து, வட்டங்கள் ஒட்டாத வெற்று வைக்கோல் இலக்கை நோக்கி எய்வதே சிறந்தது, ஏனெனில் புள்ளிகள் கண்ணை இழுத்துக்கொண்டு உடலை மறக்கச் செய்யும். எய்யும் கோட்டின் இருபுறமும் தோளகலத்தில் கால் வைத்து நில்லுங்கள். அம்பின் இறகுகளில் வேறு நிறமுள்ளது வில்லிலிருந்து விலகி நிற்க அம்பைப் பூட்டி, சுட்டுவிரல் அம்புக்கு மேலும் இரு விரல்கள் அதற்குக் கீழுமாக நாணைப் பிடியுங்கள். வில் பிடித்த கை இறுகக்கூடாது. விரல்கள் தளர்ந்து, கட்டைவிரலின் அடிமேட்டில் மட்டுமே வில் அழுந்த வேண்டும். அந்தக் கையின் முழங்கை முனையை வெளிப்பக்கமாகத் திருப்பினால் நாண் கையைத் தட்டாது. முதுகால் இழுத்து, சுட்டுவிரலைத் தாடை எலும்பின் கீழ் பதித்து, நாண் மோவாயையும் மூக்கையும் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் இதே இடம்தான், மில்லிமீட்டர் மாறினாலும் அம்பு மேலும் கீழும் அலையும். விடுவது என்பது விரல்களை விரிப்பது அல்ல. இழுப்பு தொடரும்போதே விரல்களைத் தளர்த்துவது. அம்பு இலக்கில் தைக்கும் ஓசை கேட்கும்வரை வில்லேந்திய கையை இறக்காதீர்கள். பிறகு பார்வைக்கருவி பொருத்தும்போது, அம்புகள் விழுந்த பக்கமே அதை நகர்த்துங்கள்: இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம், மேலே விழுந்தால் மேலே.

எய்களத்தின் ஒழுங்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு விசில் ஒலித்தால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஒலித்தால் எய்யலாம், மூன்று ஒலித்தால் எய்வதை நிறுத்தி அம்பெடுக்கச் செல்லலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து ஒலித்தால், இழுத்திருக்கும் நாணைக்கூட எய்யாமல் மெதுவாகத் தளர்த்தி உடனே நிறுத்த வேண்டும். அம்பெடுக்கும்போது ஓடக்கூடாது. இலக்கில் தைத்த அம்பின் பின்முனை கண்ணின் மட்டத்தில் இருக்கலாம். பிடுங்கும்போது நேர்பின்னே யாரும் நிற்கவில்லை என்று பார்த்து, ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு, மறுகையால் இலக்கை ஒட்டியே அம்பைப் பிடித்து நேராக இழுங்கள். வில்லை வானை நோக்கி உயர்த்தி இழுப்பதும் கூடாது. கைதவறினால் அம்பு பாதுகாப்புப் பரப்பையே தாண்டிவிடும்.

சங்கத்தில் சேர்வதன் பெரிய பயன், உங்கள் பின்னால் நின்று பார்க்கும் கண்கள்தான். தோள் உயர்வதை நீங்களாக உணர முடியாது, அருகில் எய்பவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பல சங்கங்கள் தத்தம் நாட்டின் வில்வித்தைக் கூட்டமைப்பில் இணைந்தவை, அக்கூட்டமைப்புகள் 1931-ல் தொடங்கிய உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். போட்டி விருப்பம் வந்தால், உள்ளரங்கில் 18 மீட்டரில் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள முகப்பு (புள்ளி வட்டங்கள் அச்சிட்ட இலக்குத் தாள்), வெளியரங்கில் ரிக்கர்வுக்கு 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் முகப்பு, காம்பவுண்டுக்கு 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் முகப்பு என்ற அளவுகளை நினைவில் கொள்ளுங்கள். 70 மீட்டர் தொலைவிலிருந்து பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர் மட்டுமே. இளையோருக்கும் மூத்தோருக்கும் குறைந்த தூரப் பிரிவுகள் உண்டு.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இலக்கு எய்வதற்கான வில்லைத் துப்பாக்கிபோல் கருதாத நாடுகள் பல, ஆனால் குறுக்குவில்லுக்கும் வேட்டைக்கும் தனி விதிகள் இருப்பது வழக்கம். வாங்கும் முன் உங்கள் பகுதியில் உரிமம், வயது வரம்பு, பொது இடத்தில் எடுத்துச் செல்லுதல் ஆகியவை பற்றிச் சங்கத்திடமும் காவல்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கொல்லையில் எய்வதற்கு இடமளிக்கும் ஊர்களிலும், இலக்குக்குப் பின்னால் அம்பு ஊடுருவாத தடுப்பும் யாரும் குறுக்கே வர முடியாத வழியும் இல்லாவிட்டால் எய்யாதிருப்பதே முறை. பயணத்தில் நாணைக் கழற்றி, லிம்புகளைப் பிரித்து, மூடிய பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். விமானத்தில் அம்புகளைக் கைப்பையில் வைக்க அனுமதி இல்லை, அவை சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். காப்பீடு பெரும்பாலும் சங்க உறுப்பினர் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். சேரும்போதே அது வேறு களங்களிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.